வாரத்துக்கு மூணு நாள்: கட்டட வேலைக்காரர்களின் கேள்விகள்

போன இதழில் ஒரு வாசகர், "கட்டட வேலைக்கு ஆளே கிடைக்கவில்லை என்று என்ஜினியர் புலம்புகிறார், ஆனால் எங்கள் தெருக் கொத்தனார்கள் பகல் பதினோரு மணிக்குத் திண்ணையில் தாயம் ஆடுகிறார்கள், எது உண்மை?" என்று கேட்டிருந்தார். இரண்டுமே உண்மை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நீங்கள் விடவில்லை. கடிதம், வாட்ஸ்அப் குரல் பதிவு, ஒருவர் சிமென்ட் பையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியது என்று வந்துகொண்டே இருந்தன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் கொத்தனார் மகன், பள்ளி லீவில் பாண்டுச் சட்டி சுமந்தவன். கொஞ்சம் ஒருதலையாகத்தான் பேசுவேன்.

24 வருசமாகக் கொத்தனார் வேலை. முன்பெல்லாம் வாரம் ஆறு நாள், சில சமயம் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். இப்போது மூணு நாள் கிடைத்தால் பெரிசு. டிவியில் வேலையில்லாதவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். என்னை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்?
– ஒரு கொத்தனார், மணப்பாறை

வேலை இருப்பவர் கணக்கில்தான் அண்ணே. சந்தேகமே வேண்டாம்.

இந்தக் கணக்கை எடுப்பது ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு. அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று வார நிலை: கடந்த ஏழு நாளில் ஏதோ ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வேலை பார்த்திருந்தால் அந்த வாரம் நீங்கள் வேலையில் இருப்பவர். செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக் குளியலறையில் உடைந்த டைல்ஸ் நாலை ஒட்டிக்கொடுத்துவிட்டு மற்ற ஆறு நாளும் சும்மா இருந்தாலும், அரசாங்கப் பார்வையில் வேலையின்மை உங்களைத் தொடவில்லை. இன்னொன்று வழக்கமான நிலை. அது வருசம் முழுவதையும் பார்க்கிறது, வருசத்தில் முப்பது நாள் துணைத் தொழிலாகச் செய்திருந்தாலே வேலை உள்ளவர் பட்டியலில் ஏற்றிவிடுகிறது. ஒரு நாளை அரை அரை நாளாகப் பிரித்து எண்ணும் தினநிலைக் கணக்கு என்று பழையது ஒன்று உண்டு, நம் பிழைப்புக்கு அதுதான் பக்கத்தில் வரும், ஆனால் தலைப்புச் செய்தியில் அது வருவதில்லை.

கணக்கெடுப்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு வேலை போனால் அதற்கு ஒரு தேதி இருக்கும், ஒரு கடிதம் இருக்கும். நமக்கு யாரும் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்வதில்லை. "திங்கக்கிழமை போன் பண்றேன்" என்பார் மேஸ்திரி. திங்கக்கிழமை போகும், வியாழக்கிழமை போகும், போன் வராது. வேலை போகவில்லை, நாள்தான் போய்க்கொண்டே இருக்கிறது. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

காலையில் ஆள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஏழு மணிக்கு டீக்கடை வாசலில் எழுபது பேர். தோளில் பை, பையில் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, மணியாஸ் கட்டை, மேலே சாப்பாட்டு டப்பா. ஏழரைக்கு வண்டியை நிறுத்துகிறவர் கூலி எவ்வளவு என்று கேட்டால் ஆயிரம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். எட்டரைக்கு அது தொளாயிரம். ஒன்பது மணிக்கு மிச்சம் இருக்கிற இருபது பேரில் யாராவது ஒருவர் கூட்டத்தைவிட்டு நகர்ந்து வண்டிக்காரர் பக்கத்தில் போய் மெதுவாக, "எழுநூறு குடுங்க சார்" என்பார். மற்றவர்கள் அதைக் கேட்காத மாதிரி இருப்பார்கள், ஏனென்றால் நாளைக்கு அது தாங்களாகவும் இருக்கலாம். ஒன்பதரைக்குக் கூட்டம் கலையும். வீட்டுக்குப் போகாமல் அந்தச் சாப்பாட்டு டப்பாவைக் கோயில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் போகிறவர்களும் இருக்கிறார்கள். என் அப்பா இரண்டொரு முறை அப்படிச் செய்திருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரிந்தது பல வருசம் கழித்துத்தான்.

சரி, நாள் ஏன் குறைந்தது? ஒரே காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊர்ச் சிறு வீடு வங்கிக் கடனில் மட்டும் எழும்புவதில்லை. நகை, சீட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் பணம், ரொக்கமாகக் கைக்குக் கை மாறுவது என்று கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். 2016 நவம்பர் 8 இரவு பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது முதலில் நின்றது இந்த மாதிரி வேலைகள்தான், மேஸ்திரிக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க நோட்டே இல்லை. அப்புறம் மணல். 2003-ல் ஆற்றுமணல் எடுப்பதை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023 செப்டம்பரில் அமலாக்கத்துறை மணல் குவாரிகளில் சோதனை போட்ட பிறகு ஆற்றுமணல் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு மாறினோம். 2025 ஏப்ரலில் கிரஷர்காரர்கள் ஸ்டிரைக் பண்ணினார்கள், சித்திரை மாசம், வேலை நன்றாக ஓடும் நேரம், ஜல்லியும் எம்-சாண்டும் வரவில்லை. ஒரு யூனிட் மணல், அதாவது நூறு கனஅடி, வருவதற்குப் பத்து நாள் தாமதமானால் வீட்டுக்காரருக்கு எரிச்சல், காண்ட்ராக்டருக்கு வட்டி, கொத்தனாருக்குப் பத்து நாள் கூலி அவுட். சிமென்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது, நல்லதுதான், ஆனால் அதனால் உங்கள் மூணு நாள் நாலு நாளாகியதா என்று நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. வேலை இருக்கிறது, ஆனால் அதில் ஆள் தேவை குறைந்துவிட்டது. முன்பு ஒரு வீட்டுக்குத் தளம் போட்டால் கல்யாணம் மாதிரி இருக்கும். மிக்ஸர் மிஷின், சாரத்தில் படிக்கு இரண்டு பேராக வரிசை, கைக்குக் கை போகும் கலவைச் சட்டி, முப்பது நாற்பது பேர், முடிந்ததும் பிரியாணி. இப்போது கான்கிரீட்டைக் கலந்தே கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் வந்து நிற்கின்றன, குழாயைப் பிடிக்க, வைப்ரேட்டர் போட, மட்டம் இழுக்க என்று எட்டுப் பத்துப் பேர் போதும். பெரிய அடுக்குமாடிகளில் அலுமினிய ஷட்டரிங் என்கிற அச்சில் சுவரையே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். செங்கல் கட்டு இல்லை, பூச்சும் இல்லை, நேரே பட்டி பார்த்து பெயின்ட். 24 வருசம் செங்கல் கட்டிப் பழகிய கைக்கு அங்கே என்ன வேலை?

என் அம்மா அப்பா இரண்டு பேருமே கட்டட வேலை. அம்மா, மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் வேலைக்குப் போன நாளை எல்லாம் நீல பேனாவில் வட்டம் போட்டு வைப்பார். போன வருசம் எடுத்து எண்ணினேன். பங்குனியில் 23 வட்டம், ஐப்பசியில் 9, கார்த்திகையில் 6. கல்லூரி பீஸ் கட்ட வேண்டியது கார்த்திகையில். மீன்பிடித் தடைக் காலத்தில் மீனவர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறதே, மழைக்காலத்தில் எங்களுக்கு ஏன் இல்லை?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

தங்கச்சி, இந்த இதழிலேயே சிறந்த கேள்வி உன்னுடையதுதான். அந்தக் காலண்டரைப் பத்திரமாக வைத்துக்கொள், பின்னால் அதற்கு வருகிறேன்.

மீனவர் விஷயம் நீ சொல்வது சரி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதற்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்து வந்தார்கள், அது 8,000 ஆக உயர்த்தப்பட்டது. மீன் வரத்துக் குறைந்த காலத்துக்கென்று தனியாக ஒரு நிவாரணமும் உண்டு. அவர்கள் போராடி வாங்கியது, அதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை, அதைக் காட்டி நாமும் கேட்கலாம்.

ஏன் நமக்கு இல்லை என்றால், தடை என்று யாரும் உத்தரவு போடவில்லையாம், மழைதான் பெய்கிறதாம். இது ஒரு வாதமா? நனைந்த சுவரில் பூச்சு நிற்காது, கொட்டுகிற மழையில் தளம் போட முடியாது, அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கிறது, சாரம் வழுக்குகிறது. உத்தரவே இல்லாத தடை இது, வருசா வருசம் வருகிறது, வடகிழக்குப் பருவமழை எந்த மாசம் வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

உத்தரவு போட்டு வேலையை நிறுத்தினால் பணம் வருகிறது என்பதற்கு டெல்லியே சாட்சி. அங்கே குளிர்காலத்தில் காற்று மாசு கூடியதும் கட்டுமான வேலைகளை நிறுத்தச் சொல்வார்கள். 2021 நவம்பரில் அப்படி நிறுத்தியபோது, தொழிலாளர் நலனுக்காக வசூலித்த வரிப்பணத்திலிருந்து அவர்களுக்கு வாழ்வூதியம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லி அரசு ஆளுக்கு 5,000 கொடுத்தது. 2024-ல் அது 8,000. ஆக, வேலை இல்லாத நாளுக்குக் கட்டடத் தொழிலாளிக்குப் பணம் கொடுப்பது நடக்காத காரியம் இல்லை, இந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது. நம் ஊரிலும் 2020 ஊரடங்கில் அரசின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தவர்களுக்கு ஆயிரம் ரூபாய் இரண்டு தடவையும், அரிசி, பருப்பு, எண்ணெயும் கொடுத்தார்கள். பதிவு இல்லாதவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த வரிப்பணம் என்பது என்ன என்று நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 1996-ல் கட்டடத் தொழிலாளர்களுக்கென்று ஒன்றியச் சட்டம் இரண்டு வந்தன. அதற்காகப் பத்து வருசத்துக்கு மேல் தெருவில் நின்றவர்களில் தமிழ்நாட்டுச் சங்கங்கள் முன்வரிசை. தேசிய அளவில் அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. கட்டுகிற கட்டடத்தின் மதிப்பில் ஒரு சதவீதம் இந்த நிதிக்குப் போக வேண்டும், பிளான் அப்ரூவல் வாங்கும்போதே கட்டச் சொல்வார்கள். ஐம்பது லட்ச ரூபாய்க் கட்டடம் என்றால் ஐம்பதாயிரம். உன் அம்மா சுமந்த ஒவ்வொரு சட்டியின் பேரிலும் ஒரு சில்லறை எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தச் சில்லறை என்ன ஆனது? 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் தணிக்கைத்துறை சொன்னதைக் கேட்டால் வயிறு எரியும். நாடு முழுக்க 29,000 கோடிக்கும் மேல் வசூலாகியிருந்தது, அதில் பத்து சதவீதம்கூடத் தொழிலாளர் கைக்குப் போகவில்லை. சில இடங்களில் அந்தப் பணத்தில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கியிருந்தார்கள். வாஷிங் மெஷின்! சிமென்ட் படிந்த லுங்கியை அதில் போட்டால் மெஷின் என்னாகும் என்று வாங்கியவர்களுக்குத் தெரியுமா என்று அப்போது நண்பர் ஒருவர் கேட்டார். மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டு வாரியம் பரவாயில்லை. கல்வி உதவி, திருமண உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம், வேலையிடத்து விபத்து மரணத்துக்குத் தொகை என்று கொடுக்கிறது. ஆனால் இவை எல்லாம் சாவு, கல்யாணம், முதுமை என்று வாழ்க்கையின் பெரிய நாட்களுக்கு. நீ கேட்பது சாதாரண நாளுக்கு, மழை பெய்கிற ஒரு வெறும் செவ்வாய்க்கிழமைக்கு. அதற்குத் திட்டம் வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை, பணம் இவர்கள் பேரில் வசூலித்த பணம்தான்.

இதில் புதுசாக ஒரு கவலை. பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து ஒன்றிய அரசு கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. வரி அதிலும் இருக்கிறது, ஆனால் சொந்தக் குடியிருப்புக்குக் கட்டும் வீட்டுக்கு முன்பு பத்து லட்சம் வரைதான் விலக்கு, இப்போது ஐம்பது லட்சம் வரை விலக்கு. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் திண்டுக்கல்லில் உன் அம்மா அப்பா வேலை பார்க்கும் வீடுகளில் எத்தனை ஐம்பது லட்சத்தைத் தாண்டும்?

இப்போது காலண்டர். உன் கல்விக்கு வாரியத்தில் உதவித்தொகை கேட்கலாம், பெற்றோரில் ஒருவரின் பதிவு காலாவதியாகாமல் இருந்தால் போதும், உடனே பார். ஒன்றியச் சட்டம் பதிவுக்குக் கேட்பது, கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது. யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சான்றிதழைவிட உன் அம்மாவின் நீல வட்டம் எனக்குப் பெரிய சாட்சியாகத் தெரிகிறது. எந்த மேஸ்திரி, எந்தத் தெருவில் வேலை, கூலி எவ்வளவு என்பதையும் வட்டத்துக்குள் சின்னதாக எழுதச் சொல். கூலி பாக்கித் தகராறு வந்தால் அதுதான் பேசும்.

வாரியத்தில் பதிவு செய்திருந்தேன், புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். ஒருவர் 1,500 கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– பெயின்டர், விழுப்புரம்

கொடுக்காதீர்கள். பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் வாரியம் கட்டணம் வாங்குவதில்லை. ஆன்லைனில்தான் எல்லாம், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், வயதுச் சான்று, போட்டோ, வேலை பார்ப்பதற்கான சான்று, இவை போதும். இ-சேவை மையத்தில் பதிவேற்றக் கொஞ்சம் கூலி கேட்பார்கள், அது வேறு. ஓடிபி வரும் செல் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். புரோக்கர் நம்பரைப் போட்டுவிட்டு நாளைக்கு உதவித்தொகை வரும்போது அவரைத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இழுத்தடித்தால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்கு நேரே போங்கள், தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.

சின்ன காண்ட்ராக்டர் நான். வேலையின்மை என்று எழுதுகிறீர்கள், எனக்கு ஆளே கிடைப்பதில்லை. நம்ம ஆட்கள் பத்து மணிக்கு வருவார்கள், நாலரைக்குக் கை கழுவுவார்கள், தீபாவளிக்கு முன்னால் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனால் பொங்கலுக்குத்தான் வருவார்கள். வடக்கிலிருந்து வருபவர்கள் இல்லையென்றால் என் சைட் நின்றுவிடும். உண்மையை எழுதுங்கள்.
– கோயம்புத்தூர்

வடக்கத்திக்காரர்கள் வந்துதான் எங்கள் பிழைப்பு போயிற்று. இதை எழுத உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா?
– கம்பி கட்டும் தொழிலாளி, திருவள்ளூர்

இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பதில் சொல்கிறேன்.

காண்ட்ராக்டர் சார், அட்வான்ஸ் விஷயத்தில் உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம், எங்கள் சித்தப்பாவே அந்த ரகம். ஆனால் வடக்கிலிருந்து வருபவர் உங்களுக்கு ஏன் வசதி என்று மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். சைட்டிலேயே தகர ஷெட்டில் தங்குகிறார், காலை ஏழுக்கு எழுப்பினால் ராத்திரி எட்டு வரை நிற்கிறார், பிள்ளைக்குக் காது குத்து என்று லீவு கேட்பதில்லை, கூலியில் ஒரு பங்கு ஆள் கூட்டிவந்தவருக்குப் போகிறது, ஊர் தெரியாது, பாஷை தெரியாது, சண்டை போட மாட்டார். நீங்கள் தேடுவது வேலை தெரிந்த ஆளை அல்ல, வீடு வாசல் இல்லாத ஆளை. அது உள்ளூர்க்காரரிடம் கிடைக்காது, ஏனென்றால் அவருக்கு வீடு வாசல் இருக்கிறது.

திருவள்ளூர் தம்பி, தைரியம் இருக்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதை எழுத மாட்டேன். எண்பது, தொண்ணூறுகளில் கேரளாவில் வீடு கட்டியது யார்? தேனியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் போன நம் ஆட்கள். அங்கே அப்போது "பாண்டிக்காரன் வந்து கூலியைக் கெடுத்துவிட்டான்" என்றார்கள். அப்புறம் அந்த இடத்துக்கு வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வந்தார்கள், நம் ஆட்கள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். 2014 ஜூன் 28, மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அதில் ஆந்திராவின் விஜயநகரம், ஸ்ரீகாகுளம் பக்கத்து ஏழைகள் நிறைய, ஒடிசாக்காரர்களும் உண்டு, நம் ஊர்க்காரர்களும் உண்டு. கட்டடம் பாஷை பார்த்தா மேலே விழுந்தது? 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பயந்துபோய் ரயில் ஏறினார்களே, அந்த வாரம் எத்தனை சைட்டில் உங்களைக் கூப்பிட்டுக் கூலியை ஏற்றிக் கொடுத்தார்கள்?

வேலைக்கேற்ற கூலி, எட்டு மணி நேரம், அதற்கு மேல் போனால் ஓவர்டைம், இது பீகார்காரருக்கும் கறாராகக் கிடைத்தால் காண்ட்ராக்டருக்கு அவரை ஆயிரம் மைல் தாண்டிக் கூட்டிவருவதில் லாபமே இருக்காது. உங்கள் பிழைப்பு இருப்பது அவர் கூலிச் சீட்டில்.

எனக்கு வயது 41. பதினெட்டு வருசமாகச் சித்தாள். வேலை குறைந்தால் முதலில் நிறுத்துவது என்னைத்தான். என்னோடு சேர்ந்த பையன் நாலு வருசத்தில் கரண்டி பிடித்துவிட்டான், இப்போது அவன் கொத்தனார், நான் அவனுக்குக் கலவை எடுத்துக் கொடுக்கிறேன். நான் கேட்டால் சிரிக்கிறார்கள்.
– திருவண்ணாமலை

அக்கா, சிரிக்கிறவர்களை விடுங்கள். பதினெட்டு வருசம் கலவை போட்டவருக்கு எந்தச் சுவருக்கு எத்தனை சட்டி மணலுக்கு ஒரு சட்டி சிமென்ட் என்று பாதிக் கொத்தனார்களைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்கு இல்லாதது கரண்டி பிடிக்க ஒரு மணி நேரம், அதைத்தான் யாரும் தருவதில்லை. பையன் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஓரமாகப் பூசிப் பார்ப்பான், மேஸ்திரி பார்த்துவிட்டு "மட்டம் வரல, மணியாஸ அழுத்திப் பிடி" என்பார். நீங்கள் அதே வேளையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பீர்கள், இல்லை மேஸ்திரிக்கு டீ வாங்கப் போயிருப்பீர்கள்.

நடக்காத காரியமும் இல்லை. ஜார்க்கண்டில் ஊர் ஊராகக் கழிப்பறை கட்டியபோது ஆண்கள் போதவில்லை என்று பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் கொத்தனார் ஆனார்கள், "ராணி மிஸ்திரி" என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. கேரளாவிலும் பெண் கொத்தனார் குழுக்கள் வீடு கட்டித் தருகின்றன. நம் ஊரில் கலைஞர் கனவு இல்லம் வீடு 360 சதுர அடி, அரசு கொடுப்பது மூன்றரை லட்சம். இவ்வளவு சின்ன வீடுதான் கற்றுக்கொள்ள நல்ல இடம். உங்கள் ஊராட்சியில் யாருக்காவது வந்திருந்தால், அந்த வீட்டம்மாவிடம் பேசி உள் சுவர் பூச்சை மட்டும் உங்களுக்கு விடச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் ஆரம்பிக்காதீர்கள், ஊரே நின்று பார்க்கும். டைல்ஸ் ஒட்டுவதும் உங்களுக்கு ஒத்துவரும், பாரம் குறைவு, கண் பார்வையும் பொறுமையும்தான் அதிகம் வேண்டும், மழைக்காலத்திலும் உள்ளே வேலை ஓடும்.

துபாய்க்குக் கம்பி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஏஜென்ட் 1,20,000 கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். பத்தாவது பெயில். இங்கே மாதத்தில் பத்து நாள்தான் வேலை. போகவா?
– ராமநாதபுரம்

இந்த ஏஜென்ட்டை நம்பிப் போகாதே தம்பி. பத்தாவது முடிக்காததால் உன் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும். அப்படி இருந்தால் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் விசிட் விசா. அந்த வழியில் போனால் உன் பேரில் ஒப்பந்தம் இல்லை, வெளிநாடு போகும் தொழிலாளிக்கான பத்து லட்ச ரூபாய் பிரவாசி இன்சூரன்ஸ் இல்லை, ஏதாவது ஆனால் நீ சுற்றுலா பார்க்கப் போனவன். பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி, அவ்வளவுதான். ரசீது கேட்டுப் பார், ஆளின் முகம் மாறும். அவர் பதிவு எண்ணை ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய். அம்மா தோட்டை அடகு வைக்காதே, அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆடி மாசம் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்கிறார் மாமியார். ஆவணி வரை பொறுக்கலாமா?
– வீடு கட்டப் போகும் வாசகி, மதுரை

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள் அம்மா, வருசத்தில் வாஸ்து நாள் எட்டு, அதில் ஆடி 11-ம் ஒன்று. மாமியாரிடம் பஞ்சாங்கத்தைக் காட்டியே பேசலாம். ஆடியில் கொத்தனார் கூலியில் பேரம் படியும், சொன்ன தேதிக்கு ஆளும் வருவார்கள். ஆவணியில் ஆரம்பித்தால் தளம் போடும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து நிற்கும். பேரம் படியும் என்று சொன்னதற்காகக் கூலியை ரொம்ப அடித்துவிடாதீர்கள்.

ஊருக்கெல்லாம் வீடு கட்டும் கொத்தனார் வீடு மட்டும் ஏன் பூசாமலே கிடக்கிறது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், சிவகாசி

எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாயா? பத்தொன்பது வருசம் செங்கல் தெரியத்தான் நின்றது. வேலை இருந்த மாசத்தில் அப்பாவுக்கு நேரம் இல்லை, நேரம் இருந்த மாசத்தில் சிமென்ட் வாங்கப் பணம் இல்லை. ஒரு கார்த்திகையில் பத்து நாள் விடாத மழை, ஏதோ ஒரு சைட்டில் தண்ணீர் பட்டுக் கெட்டியாகப் போகும் என்று அரை மூட்டை சிமென்டைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா அதை வீணாக்க மனசில்லாமல் சாயங்காலமே குழைத்து, அடுப்படியில் அம்மா நிற்கிற பக்கத்துச் சுவரை மட்டும் இடுப்பு உயரத்துக்குப் பூசினார். அதற்கு மேலே கலவை பத்தவில்லை.